எந்த நாளின் கப்பல்

1782 செப்டம்பர் 3ஆம் தேதி திருகோணமலைத் துறைமுகத்துக்கு வெளியே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரனும் ஆங்கிலேயத் தளபதி எட்வர்ட் ஹியூஸும் மோதினார்கள். அந்த ஓர் ஆண்டில் அது நான்காவது மோதல். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஏப்ரலில் இலங்கையின் கிழக்குக் கரை, ஜூலையில் நாகப்பட்டினம், பிறகு இது. சுஃப்ரன் ஏறி நின்ற ‘ஏரோ’ கப்பலின் நடுப் பாய்மரம் அன்று முறிந்து விழுந்தது. மறுநாள், செப்டம்பர் 4, பிரான்சின் வடமேற்குக் கரையோரம் ‘எபே’ என்ற புத்தம் புதிய பிரெஞ்சுக் கப்பலை ‘ரெயின்போ’ என்ற ஆங்கிலேயக் கப்பல் பிடித்துக்கொண்டு போனது. இரண்டு சண்டைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்துப் பம்பாயில் நீரில் இறங்கிய ஒரு போர்க்கப்பலுக்கு முதல் சண்டை நடந்த துறைமுகம் பெயரைக் கொடுத்தது. இரண்டாவதில் பிடிபட்ட கப்பல் உடம்பைக் கொடுத்தது.

அந்தக் கப்பல் எச்.எம்.எஸ். ட்ரிங்கோமலி. எபேயின் உடல்வாகு ஆங்கிலேயருக்குப் பிடித்துப்போனது. அளந்து படியெடுத்தார்கள். அந்தப் படியிலிருந்து 1800இல் ‘லீடா’ என்ற ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பல் பிறந்தது. அதே அச்சில் அடுத்த முப்பது ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. அவற்றில் இரண்டு இன்னும் இருக்கின்றன. ஒன்று ஸ்காட்லாந்தின் டண்டீயில் நிற்கும் ‘யூனிகார்ன்’. மற்றொன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதக்கும் ட்ரிங்கோமலி. பிரிட்டனின் போர்க்கப்பல்களில் இன்றும் நீரில் மிதப்பவற்றுள் இதுவே மூத்தது. உடம்பு மலபார்த் தேக்கு. கட்டியவர் பம்பாயின் பார்சிக் கப்பல் கட்டுநர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா.

அதன் உடலை 1:48 அளவில், அதாவது ஓர் அடிக்குக் கால் அங்குலம் என்ற கணக்கில், சேந்தமங்கலத்தில் செய்துகொண்டிருக்கிறேன். கிழக்கே கொல்லிமலை, மற்ற பக்கமெல்லாம் மரவள்ளிக் காடு. எந்தத் திசையில் கிளம்பினாலும் கடலைப் பார்க்க நூற்றைம்பது கிலோமீட்டராவது போக வேண்டும். இந்த ஊரில் இதைச் செய்வானேன் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கப்பல் அயலாகப் படவில்லை. சுஃப்ரன் இந்தக் கரையில் சண்டையிட்டதே ஹைதர் அலியோடு கூட்டுச் சேர்ந்துதான். 1782 ஜூலையில் கடலூர்ப் பக்கம் இருவரும் நேரில் சந்தித்தார்கள். சேலமும் நாமக்கல்லும் சேந்தமங்கலமும் அப்போது மைசூர் ஆட்சியில். 1792இல்தான் இந்தச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கடலில் நடந்தது அந்தப் போரின் ஒரு பாதி என்றால், மறு பாதி இந்தப் புழுதியில் நடந்தது.

மாதிரி செய்கிறவர்கள் ‘வரலாற்றுத் துல்லியம்’ என்று பேசும்போது பெரும்பாலும் அளவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். பாய்மரம் எத்தனை அடி, பீரங்கி வாயில்களுக்கு நடுவே எத்தனை அங்குலம், கயிறு எத்தனை புரி. அதெல்லாம் வேண்டியதுதான். அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: எந்த நாளின் கப்பல்? இதற்குப் பதில் சொல்லாமல் எடுத்த ஒவ்வோர் அளவும் தனித்தனியாகச் சரியாக இருந்து, ஒன்றுசேரும்போது பொய்யாகிவிடும். ட்ரிங்கோமலியை வைத்தே இதைச் சொல்கிறேன்.

கப்பலைக் கட்ட 1812இல் உத்தரவு வந்தபோது அது 38 பீரங்கிக் கப்பல். குட்டையான, கனமான குண்டெறியும் ‘கரோனேட்’ பீரங்கிகளை அன்றைய கணக்கில் முழுமையாகச் சேர்க்க மாட்டார்கள். 1817 பிப்ரவரியில் கடற்படை அந்தக் கணக்கை மாற்றியது, கரோனேடுகளும் சேர்ந்தன. ஒரு பீரங்கிகூடக் கூடாமல் 38 என்பது 46 ஆனது. கப்பல் நீரில் இறங்கியது அதே ஆண்டு அக்டோபர் 12. ஆகவே 38 என்று எழுதிய புத்தகமும் சரி, 46 என்று எழுதிய புத்தகமும் சரி.

அதற்குப் பிறகு நடந்ததுதான் மாதிரி செய்பவருக்குப் பெரிய பொறி. 1818இல் பம்பாயிலிருந்து கிளம்பிய கப்பல் 1819 ஏப்ரல் இறுதியில் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தது. நெப்போலியன் போர்கள் முடிந்திருந்தன. கடற்படைக்குக் கப்பல் தேவைப்படவில்லை. பாய்மரங்களைக் கழற்றிவிட்டு ஓரமாக நிறுத்திவைத்தார்கள். கால் நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1845இல் வெளியே எடுத்து, பின்பக்கத்தை வெட்டி வடிவம் மாற்றி, பீரங்கிகளை 26ஆகக் குறைத்து, ஒவ்வொன்றையும் கனமானதாக்கி, ‘கார்வெட்’ என்று வகை மாற்றி 1847இல்தான் முதன்முதலாகப் போர்ப்பணிக்கு அனுப்பினார்கள். பின்பக்கத்தை ஏன் மாற்றினார்கள் என்பதற்குத் தெளிவான காரணம் உண்டு. பழைய கப்பல்களின் பின்புறம் தட்டையானது, வரிசையாகக் கண்ணாடி ஜன்னல் வைத்தது. பார்க்க அழகு. ஆனால் எதிரி பின்னால் வந்து ஒரு குண்டை விட்டால் அது ஜன்னலை உடைத்து, தளத்தின் நீளத்துக்கும் ஓடி, வழியில் நிற்பவர்களையெல்லாம் சாய்த்துவிடும். அதனால் பின்புறத்தை வளைத்து, மரத்தைக் கனமாக்கினார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். தட்டையான பின்புறம், முழுப் பாய்விரிப்பு, இரண்டு பக்கமும் சேர்த்து 46 பீரங்கி: கண்ணாடிப் பேழைக்குள் கம்பீரமாக நிற்கக்கூடிய வடிவம் இதுதான். யாரும் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். இப்படி ஒரு ட்ரிங்கோமலி 46 பீரங்கியோடு போர்ப்பணிக்குப் போனதே இல்லை. வரைபடத்தில் இருந்தது, உத்தரவில் இருந்தது, கடலில் இல்லை. ஒவ்வோர் உறுப்புக்கும் ஆதாரம் காட்டலாம். முழுக் கப்பலுக்குக் காட்ட முடியாது.

இன்றைய கப்பலை நேரில் அளந்து செய்துவிடலாமே என்றால், அது இன்னொரு நாளின் கப்பல். 1897இல் அதை உடைக்க விற்றார்கள். வீட்லி காப் என்ற செல்வந்தர் வாங்கி, ‘ஃபூத்ராயன்’ என்று பெயர் மாற்றி, பையன்களுக்கான பயிற்சிக் கப்பலாக்கினார். அது 1986 வரை நீண்டது. பிறகு ஹார்ட்டில்பூலில் 1990 முதல் 2001 வரை பழுது பார்த்துப் பழைய பெயரையும் கொடுத்தார்கள். இருநூறு ஆண்டு வாழ்ந்த உடம்பு அது. அதில் எந்தப் பலகை எந்த ஆண்டுக்குரியது என்பது தனிப் படிப்பு.

பெரிய கப்பல்களைப் பாதுகாப்பவர்களுக்கே இந்தச் சிக்கல் தீரவில்லை. போர்ட்ஸ்மத்தில் நெல்சனின் ‘விக்டரி’ கப்பலுக்குப் பல்லாண்டுகளாகப் பளீரென்ற மஞ்சள்தான் பூசிவந்தார்கள். அதைப் பார்த்து உலகமெங்கும் அதே மஞ்சளில் மாதிரிகள் செய்தார்கள். பழைய வண்ணப் படிவுகளை ஆராய்ந்து, டிரஃபால்கர் சண்டையின்போது இருந்தது வெளிறிய, சற்றே இளஞ்சிவப்புக் கலந்த நிறம் என்று கண்டு 2015இல் மாற்றிப் பூசினார்கள். ஸ்டாக்ஹோமில் 1628இல் மூழ்கி 1961இல் மேலே வந்த ‘வாசா’ கப்பலின் சிற்பங்களுக்கு முதலில் நீலமும் பொன்னும் என்று நினைத்திருந்தார்கள். பிந்தைய ஆய்வு சிவப்பையும் பல வண்ணங்களையும் காட்டியது. நேர்மையாக உழைத்தவர்களின் முடிவுகளே இப்படி மாறுகின்றன. ஆதலால் மாதிரிக்குத் தேதி இரண்டு வேண்டும் என்று நினைக்கிறேன். அது காட்டும் நாள் ஒன்று. அதைச் செய்தபோது நமக்குத் தெரிந்திருந்தது எதுவரை என்பதைச் சொல்லும் நாள் இன்னொன்று.

நான் எடுத்துக்கொண்டது 1817 அக்டோபர் 12. கட்டி முடித்து நீருக்கு வந்த நாள். பீரங்கி கிடையாது, பாய் கிடையாது. கப்பல்கள் பொதுவாகப் பாய்மரம் முழுதாக ஏறாமலேயே நீருக்கு வந்தன. ஆக, என் மாதிரி ஒரு மொட்டை உடல். வீட்டுக்கு வருகிறவர்கள் ‘இன்னும் முடியலீங்களா’ என்பார்கள். எனக்கு அந்த உடல்தான் வேண்டும். அதில்தான் பம்பாய் இருக்கிறது. பாயும் கயிறும் பீரங்கியும் பிற்பாடு போர்ட்ஸ்மத்தில் மாறிக்கொண்டே இருந்தன; தேக்கில் செதுக்கிய உடல் வாடியாவின் ஆட்களுடையது.

வரைபடம் பம்பாய் வந்து சேர்ந்ததே ஒரு கதை. முதற்படியை ‘ஜாவா’ என்ற கப்பலில் ஏற்றி அனுப்பினார்கள். பம்பாய்ப் படையின் தலைமைத் தளபதியாக வரவிருந்த ஹிஸ்லப்பும் அதில் வந்தார். 1812 டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்காவின் ‘கான்ஸ்டிட்யூஷன்’ எதிர்ப்பட்டது. சண்டையில் நொறுங்கிய ஜாவாவை எரித்துவிட்டார்கள். வரைபடமும் போயிற்று. மறுபடி ஒரு படியை வேறு கப்பலில் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கான்ஸ்டிட்யூஷன் இன்றும் பாஸ்டனில் மிதக்கிறது. வரைபடத்தை அழித்த கப்பலும் இன்று உண்டு, மீண்டும் வந்த வரைபடத்தில் பிறந்த கப்பலும் உண்டு. 1816இல்தான் ஏரா, அதாவது கப்பலின் அடிமரம், வைத்தார்கள்; பார்சி வழக்கப்படி அந்த ஏராவில் ஒரு வெள்ளி ஆணியை அடித்தார்கள்.

வரைபடம் என்றால் என்ன என்பதை எனக்கு விளங்கவைத்தவர் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆசாரி அண்ணன் ஒருவர். நாமக்கல் லாரிப் பட்டறையில் பாடி கட்டி ஓய்ந்தவர். சேஸ் மட்டும் வந்து நிற்கும். அதன்மேல் கேபினும் தொட்டியும் எழுப்புவார்கள். அவர் காலத்தில் காகிதத்தில் கோடு போட்டு யாரும் கட்டியதில்லை. அவருடைய அப்பா மாட்டுவண்டிச் சக்கரம் செய்தவர். லீடா வகையின் உடற்கோடுகளை விரித்து அவரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ஏந்தம்பி, இந்தக் கோட்டப் போட்டவரு மரத்தத் தொட்டிருப்பாருங்களா?” என்றார்.

“ஏனுங்ணா அப்படிக் கேக்கறீங்க?”

“வட்டைக்கு எங்கய்யன் நேர் மரம் வாங்க மாட்டாருங்க. தானா வளஞ்ச வேலமரமாப் பாத்துத்தான் வாங்குவாரு. நேர் மரத்த வளைவா அறுத்தீங்கன்னா ரேகை குறுக்கால வெட்டுப்பட்டுப் போயிரும். பாரம் ஏறுனா அங்கதான் பொளக்கும். இந்த வங்கெல்லாம் இவ்வளவு வளையுதே, இதுக்கு வளஞ்ச மரம் எங்கிருந்து வந்துச்சுன்னு கோட்டுல இல்லீங்களே.”

கோட்டில் இல்லைதான். வங்கு என்பது கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டம். மரக்கப்பல் கட்டிய நாடுகளிலெல்லாம் வளைந்த மரத்துக்குத் தனி மதிப்பு இருந்தது. இங்கிலாந்தில் கருவாலி (ஓக்) மரத்தின் கிளைக் கவைகளைக் காட்டிலேயே பார்த்துக் குறித்துவைப்பார்கள். போர்க்காலத் தேவையில் அந்தக் காடுகள் இளைத்துப்போனதால்தான் கடற்படை பம்பாய்ப் பக்கம் திரும்பியது. தேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. கருவாலி மரத்தில் உள்ள துவர்ப்பு அமிலம் இரும்பை அரிக்கும்; ஆணியைச் சுற்றி மரமும் கறுத்து இற்றுப்போகும். தேக்கின் எண்ணெய் இரும்பைக் காக்கும். அதே காலத்தில் கட்டப்பட்ட பல கருவாலிக் கப்பல்கள் பத்திருபது ஆண்டில் உளுத்துப்போக, வாடியாவின் கப்பல்கள் தலைமுறைகளைத் தாண்டியதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கிலாந்திலிருந்து வந்த கோடு எல்லாக் கப்பலுக்கும் ஒன்று. அந்தக் கோட்டுக்கு எந்த மரத்தை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பது ஜம்ஷெட்ஜியும் அவருடைய தச்சர்களும் எடுத்த முடிவு. கட்டிய கப்பலில் அது இருக்கிறது, காகிதத்தில் இல்லை.

ஆசாரி அண்ணன் சொன்ன பிறகு வங்குகளை அறுக்கும் முறையை மாற்றிக்கொண்டேன். ஒவ்வொரு துண்டையும் மரத்தின் ரேகை வளைவோடு ஓடும்படி பார்த்துத்தான் எடுக்கிறேன். மேலே பலகை மூடிய பிறகு இது எவருக்கும் தெரியாது. ஏராவின் இணைப்பில் ஒரு வெள்ளி முளையும் வைத்தேன். சேலத்துக் கொலுசுப் பட்டறையில் இழுத்த கம்பியிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நறுக்கியது. அதுவும் உள்ளே போய்விட்டது.

மரத்துக்கு வருவோம். தேக்குக் கப்பலைத் தேக்கிலேயே செய்தால்தானே உண்மை என்று நானும் நினைத்ததுண்டு. கணக்குப் போட்டால் தெரியும். தேக்கின் குறுக்குவெட்டில் கண்ணுக்குத் தெரியும் துளைகள் இருக்கும். பெரியவை மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகலம். நாற்பத்தெட்டால் பெருக்கினால் ஒன்றரை சென்டிமீட்டர். விரல் நுழையும் ஓட்டைகள் நிறைந்த பலகையால் கட்டிய கப்பல் என்று அர்த்தம். ரேகைக்கும் ரேகைக்கும் இடையே மூன்று மில்லிமீட்டர் இருந்தால் அது அரையடி வரியாகத் தெரியும். மரத்தை அளவு குறைக்க முடியாது. எனவே பொருளில் உண்மையாக இருந்தால் உருவத்தில் பொய்யாகிவிடுகிறோம். ஐரோப்பாவில் பேரி மரத்தையும் பாக்ஸ்வுட்டையும் நாடுவது இதனால்தான். நம் பக்கத்தில் மஞ்சக்கடம்பு இருக்கிறது; நெருங்கிய இழை, மெழுகுபோல் செதுக்கலாம், நிறம் வயதாக ஆகத் தேக்கின் பக்கம் போகும். தளப்பலகைக்கு வெப்பாலை. நல்ல வெள்ளை, சன்னப்பட்டணத்துப் பொம்மைகள் செய்யும் மரம். முளைகளுக்கு மூங்கில். மூங்கிலைச் சிம்பாகப் பிளந்து, வெள்ளிக் கம்பி இழுக்கும் அதே துளைத் தகட்டில், பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்கு ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டே வந்தால் அரை மில்லிமீட்டர் வரை மெலியும். அதற்கு மேல் இழுத்தால் நார்நாராகப் பிரிந்துவிடும். அரை மில்லிமீட்டர் என்பது கப்பலில் ஓர் அங்குலம்; மரமுளைக்குப் பொருந்திய அளவுதான்.

செம்புத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கப்பல் மாதிரிகளில் நான் அதிகம் மனம் வருந்துவது அங்கேதான். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவிலிருந்து காக்க, நீருக்குக் கீழே உடல் முழுவதும் செம்புத் தகடு அடிப்பார்கள். ஒரு தகடு நான்கடி நீளம், பதினான்கு அங்குல அகலம். 1:48இல் ஓர் அங்குல நீளம், ஏழரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். தகட்டின் கனம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்; மாதிரியில் அது 0.02 மில்லிமீட்டர், சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளின் கனத்துக்குக் கிட்டே. ஆணித்தலை மாதிரியில் கால் மில்லிமீட்டர். கடையில் விற்கும் தகடுகளில் ஆணித்தலைகள் கடுகு கடுகாகப் புடைத்திருக்கும். நிஜத்தில் அந்த ஆணிகள் தகட்டோடு தட்டையாக அடித்து இறக்கப்பட்டவை. மாதிரியை நாம் இரண்டடி தூரத்தில் நின்று பார்க்கிறோம். அது நிஜக் கப்பலை ஏறக்குறைய நூறடி தூரத்தில் நின்று பார்ப்பதற்குச் சமம். நூறடியில் ஆணித்தலை கண்ணில் படாது. தகட்டின் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பது, வெயில் சாயும்போது லேசான வரியாகத் தெரியும். அவ்வளவுதான். ஆணி இருந்தது உண்மை. அதைக் கண்ணில் படும்படி வைப்பது அந்தத் தூரத்துக்குப் பொய். எதைச் செய்யாமல் விடுவது என்று அறிவதற்குத்தான் எனக்கு அதிக காலம் பிடித்தது. கை வேலை அதற்குப் பிறகு.

பழைய காலத்தில், கப்பல் கட்டிய நாளிலேயே செய்த மாதிரிகளை மேலான சான்று என்பார்கள். லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கும் பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுக் கடற்படை வாரிய மாதிரிகள் அற்புதமானவை. கீழ்ப்பாதிக்குப் பலகை மூடாமல் வங்குகளை வரிசையாகக் காட்டுவார்கள். ஆனால் அந்த வங்குகளை அடுக்கிய விதம் நிஜக் கப்பலில் அடுக்கிய விதமே இல்லை. அது மாதிரிக்காரர்களுக்குள் இருந்த ஒரு மரபு. அழகுக்கும் உறுதிக்கும் ஏற்படுத்திக்கொண்டது. அந்த மாதிரியைப் பார்த்துக் கப்பல் அப்படித்தான் கட்டப்பட்டது என்று முடிவுகட்டியவர்களும் உண்டு. அதைச் செய்த கைகள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த நாளில் பார்த்தவர்களுக்கு மரபு தெரியும். காலம் போனபின் மரபு மறந்து பொருள் மட்டும் நிற்கிறது. நிற்கும் பொருள் சாட்சி சொல்லத் தொடங்கிவிடுகிறது.

இங்கேதான் எனக்குச் சோழர் கப்பல் நினைவுக்கு வருகிறது. வீட்டுக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் தவறாமல் கேட்கிறார்கள்: “ராஜேந்திர சோழன் கப்பல் செஞ்சு காட்டுங்க.” அந்த ஆசை எனக்கும் உண்டு. 1025 வாக்கில் கடாரம்வரை படை போனதைக் கல்வெட்டு சொல்கிறது. பிடித்த ஊர்களின் பெயர்களை அடுக்குகிறது. பாய்மரம் எத்தனை, பலகையைத் தைத்தார்களா ஆணியடித்தார்களா, அணியம் கூரா மழுங்கலா என்பதை அது சொல்ல வரவில்லை. அது வெற்றியைச் சொல்ல வெட்டிய கல். சோழர் போர்க்கப்பல் இன்னபடி இருந்தது என்று காட்டும் வரைபடமோ உடைந்த உடலோ நம் கையில் இல்லை. இருந்தும் முகப்பில் புலி பாய, ஐரோப்பியக் கப்பலின் உடலில் சோழக் கொடி பறக்க, எத்தனையோ படங்களும் மாதிரிகளும் வந்துவிட்டன. பிள்ளைகள் அவற்றைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். பெருமையில் செய்ததுதான், அறிவேன். அந்தப் பெருமைக்கு நியாயமும் உண்டு. ஆனால் அப்படிச் செய்த ஒவ்வொரு மாதிரியும், நாளை யாராவது உண்மையான ஒரு பலகையைக் கண்டெடுத்தால் அதை நம்ப மறுக்கும் மனத்தை இன்றே தயார் செய்கிறது.

தெரிந்த இடத்திலிருந்து நிதானமாக நகரும் வழியும் இருக்கிறது. கேரளத்தில் சேர்த்தலைக்கு அருகே கடக்கரப்பள்ளியில் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பழைய மரக்கலம் ஒன்றைத் தோண்டியெடுத்தார்கள். ஏறக்குறைய பதினெட்டு மீட்டர் நீளம். நம் மேற்குக் கரையில் பலகைகளை எப்படி இணைத்தார்கள் என்பதற்கு அது கண்கண்ட சான்று. இந்தியக் கடற்படையின் ‘கவுண்டின்யா’வும் இந்த வழியில் வந்ததுதான். அஜந்தாவின் ஐந்தாம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றை அடிப்படையாக வைத்து, கேரளத்துக் கைவினைஞர்கள் பலகைகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். ஓவியம் தட்டையானது, நீருக்குக் கீழே உடல் எப்படி இருந்தது என்று அது காட்டாது. ஆகவே வடிவத்தை ஊகித்து, சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரி செய்து நீரில் சோதித்தார்கள். 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்ந்தது. அந்த ஆண்டு இறுதியில் போர்பந்தரிலிருந்து மஸ்கட் நோக்கிப் பாய் விரித்தது. இங்கே மாதிரி முன்னால் வந்து கப்பல் பின்னால் வந்தது. ஊகம் சரியா என்பதைத் தண்ணீர் சொல்லட்டும் என்று விட்ட அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் அதே கப்பலில் கதம்பர்களின் கண்டபேருண்டப் பறவை பாயிலும், சிம்ம யாளி முகப்பிலும், ஹரப்பா பாணிக் கல் நங்கூரம் தளத்திலும் இருக்கின்றன. கடற்படைக்கு அது இந்தியக் கடல் மரபு முழுமைக்கும் செலுத்தும் வணக்கம். அவர்கள் நோக்கத்துக்கு அது சரி. பேழைக்குள் வைக்கும் மாதிரியில் நான் அப்படி மூவாயிரம் ஆண்டுகளை ஒரே தளத்தில் வைக்க மாட்டேன். பேழையில் இருப்பதைப் பிள்ளைகள் ஒரே நாளின் காட்சியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

சோழர் கப்பல் கேட்ட பிள்ளைகளுக்கு மறுப்பு மட்டும் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. கடக்கரப்பள்ளி மரக்கலத்தின் பலகை இணைப்பை ஒரு கையகலத்துக்குப் பெரிதாகச் செய்து கொடுத்திருக்கிறேன். அவர்கள் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒரு பெண், இதற்குள் தண்ணீர் ஏன் வராது என்று கேட்டாள். அந்தக் கேள்வியிலிருந்து கலப்பத்து அடிப்பதற்கும், பஞ்சுக்கும் பிசினுக்கும் பேச்சுப் போயிற்று. புலிமுகப்பைக் காட்டியிருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

மாதிரியின் கீழே வைக்கும் பெயர்ப்பலகைக்கு வருகிறேன். இந்த வகைக் கப்பல்களின் மாதிரிகளில் வழக்கமாக ‘லீடா வகை பிரிட்டிஷ் ஃப்ரிகேட், 38 பீரங்கி’ என்று மட்டும் இருக்கும். அது பொய் இல்லை. கோடு பிரெஞ்சுக்காரர் ஜாக் நொயல் சானே போட்டது. படியெடுத்தவர்கள் ஆங்கிலேயர். மரம் மலபார். அறுத்து, செதுக்கி, முளையடித்து, கலப்பத்து செய்து நிறுத்தியவர்கள் பம்பாய்த் தச்சர்கள். கப்பல் உடலில் இவர்கள் எல்லோரும் இருக்கும்போது பலகையில் ஒருவர் மட்டும் இருப்பது அளவில் கால் அங்குலம் பிசகுவதைவிடப் பெரிய பிழை. ஏணிப்படிக்கு எத்தனை படி என்று மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் இதைத் தேடாமல் விடுவது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. தேடவும் வேண்டியதில்லை, ஜம்ஷெட்ஜியின் பெயர் வரலாற்றில் தெளிவாகவே இருக்கிறது. 1842இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தான ‘கார்ன்வாலிஸ்’ கப்பலும் அவர் கட்டியதுதான்.

என் பலகையில் பீரங்கி எண்ணிக்கை இராது, ஏனென்றால் அந்த நாளில் கப்பலில் பீரங்கி இல்லை. எழுதப்போவது இது: ட்ரிங்கோமலி, பம்பாய், 12 அக்டோபர் 1817. கட்டியவர் ஜம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியாவும் பம்பாய்க் கப்பல்துறைத் தச்சர்களும். கப்பல் மலபார்த் தேக்கு. மாதிரி மஞ்சக்கடம்பு, வெப்பாலை, மூங்கில். அளவு 1:48. பேழையின் அடிப்பலகைக்குள் ஓர் உறையில் நான்கு தாள்கள் இருக்கும். எந்த உறுப்பு வரைபடத்திலிருந்து வந்தது, எது இன்றைய கப்பலைப் பார்த்து எடுத்தது, எது அதே வகையில் அதன் உடன்பிறப்பான ‘ஆம்ஃபிட்ரைட்’ கப்பலை வைத்துச் செய்தது, எது என் முடிவு என்று ஒவ்வொன்றாக எழுதிவருகிறேன். வங்கின் ரேகையைப் பற்றிய பத்தியில் ஆசாரி அண்ணன் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதிவைத்தேன். படித்துக் காட்டியபோது வேலமரம் என்பதைக் கருவேலமரம் என்று திருத்தச் சொன்னார். திருத்தியாயிற்று. பின்பக்கத்து ஜன்னல் சட்டங்களுக்கான பக்கம் இன்னும் பாக்கி இருக்கிறது.